அணை கட்டிய பட்டாளம்

தேனி மாவட்டத்துக் குச்சனூரைத் தமிழ் மக்கள் பெரும்பாலும் அங்குள்ள சனீசுவரர் கோயிலால் அறிவர். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் அவ்வூரில் கூடும் கூட்டம் பெரிது. கோயிலை ஒட்டி ஓடும் நீரைச் சுரபி நதி என்று பக்தர்கள் போற்றுவர். சுருளியாற்று நீரும் பெரியாற்று நீரும் கலந்து வருவது அது. அதில் மூழ்கி எழுவோருள் அந்நீர் எவ்வழியாக வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓட வேண்டிய பெரியாறு, மலை முகட்டில் ஓர் அணையால் மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பியது. 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக வயல் என்று பேர் பெறுவதற்கு அடிப்படையாய் நின்றது அந்நீர்தான்.

நேயர்களே, இந்த அணையைக் கட்டியவர் யார் என்று பள்ளத்தாக்கில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் பென்னிகுவிக் என்றே விடை வரும். அவ்விடை சரியானதே, ஆனால் பாதி விடை. கர்னல் ஜான் பென்னிகுவிக் ஒரு பட்டாளத்து எஞ்சினியர். அவர் வரைந்த கோட்டைக் கல்லும் சுண்ணாம்பும் ஆக்கியவர்களுள் ஒரு பெரும் பகுதியினரும் பட்டாளத்தாரே. 1887இல் வேலை தொடங்கியபோது, அடர்ந்த காட்டுக்கும் மலைக்காய்ச்சலுக்கும் அஞ்சிக் கூலியாட்கள் வருவது அரிதாயிற்று. ஆகவே மதராஸ் பயனீர் என்னும் படையின் 1ஆம் பட்டாளமும் 4ஆம் பட்டாளமும் மலைக்கு அனுப்பப்பட்டன. கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்களும் வந்தனர். ஆற்றைத் திருப்ப இட்ட கரைகளை வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் இட்டார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் கல்லை அடுக்கினார்கள். காய்ச்சலில் மாண்டவர்களை அணையின் அருகிலேயே புதைத்தார்கள். அந்த இடுகாடு இன்றும் அங்கே உள்ளது. பென்னிகுவிக் தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்றொரு கதை வழங்குகிறது. நன்றியுள்ள மக்களின் வாயில் பிறந்த கதை அது. பணம் அரசாங்கத்தின் பணம். உழைப்பு இந்தப் பெயர் தெரியாத மனிதர்களின் உழைப்பு.

இவர்கள் யாவர்? பயனீர் என்பான் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் கடப்பாரையும் கொண்டு செல்லும் சிப்பாய். படைக்கு முன்னே சென்று காட்டை வெட்டிப் பாதை போடுவான். வேண்டுமானால் சண்டையும் இடுவான். இவனுக்கு உறவானவன் சேப்பர். பாலம் கட்டுவதும் அகழி தோண்டுவதும் கோட்டை மதிலுக்கு வெடி வைப்பதும் அவன் தொழில். 1780இல் சென்னைக் கோட்டையில் இரண்டு பயனீர் கம்பெனிகளாகத் தொடங்கியதே இன்றைய மதராஸ் சேப்பர் படை. அப்படையாரை இந்திய ராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்றே அழைப்பது வழக்கம். ஒரு தமிழ் உறவுச் சொல் இராணுவத்தின் பேச்சிலே நிலைத்துவிட்டது. இந்தத் தம்பிகளுள்ளும் பயனீர்களுள்ளும் பலர் அக்காலத்துச் சமூகம் தெருவுக்கு வெளியே நிறுத்திய ஆதிதிராவிட மக்கள். பட்டாள ஏடுகள் அவர்களைப் பறையர் என்றே வகுப்புப் பெயரால் குறித்தன. ஊரில் கிணற்றைத் தொட உரிமையில்லாத ஒருவன், ஊருக்கே நீர் கொண்டுவரும் அணையைக் கட்டினான் என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சன்று. அக்கால நடைமுறையே அவ்வாறிருந்தது.

அணை கட்ட வந்த 1ஆம் பட்டாளத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1805ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் சில சீர்திருத்தங்களைச் செய்தார். சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக்குறி இடலாகாது, காதணி கூடாது, தாடியை மழித்து மீசையை ஒரே அளவாகக் கத்தரிக்க வேண்டும், பழைய தலைப்பாகையை நீக்கி, தோல் பதக்கம் வைத்த, ஐரோப்பியர் தொப்பியை ஒத்த புதிய தலையணி அணிய வேண்டும். கிரடாக் இதனை ஒழுங்கு என்று கருதினார். படை முழுதும் ஒரு தோற்றமாய் இருந்தால் அழகு என்பதற்கு மேல் அவர் மனத்தில் ஒன்றும் இருந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் சிப்பாயின் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது. அந்தத் தோல் பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற ஐயம் இந்துவையும் முஸ்லிமையும் ஒருங்கே கலக்கிற்று. தொப்பி அணிந்தவன் சாதியையும் மதத்தையும் இழந்தவன் என்று ஊரார் ஒதுக்குவர் என்ற அச்சமும் சேர்ந்தது. 1806 மே மாதத்தில் வேலூரில் சிலர் அதை அணிய மறுத்தனர். அவர்களைச் சென்னைக்குக் கொண்டு சென்று விசாரித்தனர். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 90 கசையடி கொடுத்துப் படையிலிருந்து விலக்கினர். ஏனையோர் 19 பேருக்கு ஐம்பது ஐம்பது அடி என்று தீர்ப்பாகி, மன்னிப்புக் கேட்க வைத்து விட்டனர்.

மனுவால் தீராதது துப்பாக்கிக்குச் சென்றது. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். உறங்கிக்கொண்டிருந்த 69ஆம் பட்டாளத்து வெள்ளையர் நூற்றுக்கு மேற்பட்டவர் மாண்டனர். கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தான் குடும்பத்தாரின் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்தார். அன்று பகலுக்குள் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். பின்னர் நடந்த விசாரணையின் முடிவில் அறுவர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர். தலையணி உத்தரவும் மற்றவையும் திரும்பப் பெறப்பட்டன. கவர்னர் பெண்டிங்கு பிரபுவும் கிரடாக்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டனர். கேட்க மறுத்த உரிமையை, அத்தனை உயிர் போன பின் துரைத்தனத்தார் ஒரே உத்தரவில் கொடுத்துவிட்டனர். சீர்திருத்தம் என்ற சொல்லைப் பார்த்தவுடனே அதை நன்மை என்று கொள்ளும் வழக்கம் நமக்குண்டு. அணிபவனைக் கேளாமல் தைத்த சட்டை எத்தகைய சீர்திருத்தம் என்பதை வேலூர் காட்டிற்று.

எழுச்சியில் கலந்த பட்டாளங்களின் பெயர்கள் படைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுள் 1ஆம் பட்டாளமும் ஒன்று. எஞ்சிய வீரர்கள் 24 என்னும் எண்ணின் கீழ் வைக்கப்பட்டனர். அப்படையில் முதல் எண்ணாய் இருந்தது 24ஆயிற்று. பட்டாளத்தானுக்கு எண் என்பது குடும்பப் பெயர் போன்றது. பாட்டனும் தந்தையும் எந்த எண்ணில் இருந்தனர் என்பது அவன் கௌரவம். பதினோரு ஆண்டு கழித்து, 1817 நவம்பரில், நாகபுரிக்கு அருகே சீதாபல்டிக் குன்றில் பன்மடங்கு பெரிய போன்சலே படையை எதிர்த்து இந்த 24ஆம் பட்டாளம் நின்றது. வெற்றி கிடைத்ததும், தாம் செய்த பணிக்கு இவர்கள் வேண்டியது பழைய எண்ணும் பழைய உடைநிறமுமே. அவை திரும்பக் கிடைத்தன. அவர்கள் மீண்டும் 1ஆம் பட்டாளத்தார் ஆயினர். அந்த எண்ணோடுதான், பயனீராக மாறிய பின், பெரியாற்றுக் காட்டுக்கு வந்தனர்.

அந்நியன் கொடியின் கீழ் மராத்தியரை எதிர்த்துப் போர் செய்தவர்களைப் போற்றலாமா என்று மாணவ நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். கும்பினியின் வெற்றியைப் போற்றச் சொல்லவில்லை. பேர் அழிக்கப்பட்ட ஒரு கூட்டம் அப்பேரைத் திரும்பக் கேட்டது என்பது வரலாற்றில் தனியே நிற்கும் செய்தி. அடுத்த நூற்றாண்டில் எத்தனையோ பேர் அதே கேள்வியைத்தான் கேட்டனர். அவர்களுக்கு விடை எளிதில் கிடைக்கவில்லை.

1857க்குப் பின் ராணுவத்தைத் திருத்தியமைக்க வெள்ளையர் முற்பட்டனர். வடக்கே கலகம் எழுந்தபோது சென்னைப் படை பெரும்பாலும் அமைதியாயிருந்தது. ஆயினும் பரிசு அதற்குக் கிடைக்கவில்லை. 1881 முதல் 1885 வரை சென்னையில் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாயிடம் பழைய போர்க்குணம் மறைந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். பின்னர் இந்தியா முழுமைக்கும் தளபதியானபோது, போருக்குப் பிறந்த இனம், பிறவாத இனம் என்று மக்களைப் பிரிக்கும் கொள்கைக்குப் பெருவலிமை தந்தார். பஞ்சாபியரும் கூர்க்கரும் பட்டாணியரும் ஏற்றம் பெற்றனர். சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாய்க் கலைந்தன அல்லது வடநாட்டாரைக் கொண்டு நிரப்பப்பட்டன. தாழ்த்தப்பட்ட வகுப்பார்க்குக் காலாட்படையின் கதவு சிறுகச் சிறுகச் சாத்தப்பட்டது. சேப்பர், பயனீர் ஆகிய கடப்பாரைப் படைகளே அவர்கள் புகக்கூடிய வாயிலாய் மிஞ்சின. பம்பாய்ப் படையில் மகார் மக்களைச் சேர்ப்பது 1892இல் நிறுத்தப்பட்டது. சென்னைப் படை, பம்பாய்ப் படை, வங்கப் படை என்ற பிரிவுகள் 1895 ஏப்ரலில் ஒழிந்து ஒரே இந்தியப் படையாயின. ஆறே மாதத்தில் பெரியாற்று அணை திறக்கப்பட்டது. சென்னைப் பட்டாளத்தார் எதற்கும் பயன்படார் என்ற எண்ணம் சிம்லாவில் வலுத்துவந்த அதே ஆண்டில், அவர்கள் கட்டிய அணை நீரைத் திருப்பியது.

இந்தக் கதவடைப்பால் இழந்தது ஒரு சம்பளம் மட்டுமன்று. பட்டாளத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. சிப்பாயின் பிள்ளைகள் அங்கே படித்தனர். ஊர்ப் பள்ளியில் திண்ணைக்குக் கீழே கூட இடம் பெறாத பிள்ளை, கண்டோன்மென்ட் பள்ளியில் பலகையில் அமர்ந்தான். சுபேதார் ராம்ஜி அத்தகைய ராணுவப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர். அவருடைய கடைசிப் பிள்ளை 1891இல் மோவ் கண்டோன்மென்டில் பிறந்த பீமராவ் அம்பேத்கர். அரசியல் சட்டத்தை வரைந்த கை எந்தப் பள்ளி மரபில் எழுத்துக் கற்றது என்பதை எண்ணினால், மகார் மக்கள் பட்டாளத்துக்காக ஏன் அத்தனை மனு எழுதினர் என்பது விளங்கும். ஓய்வு பெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894இல் எழுதினார். சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இல் எழுதினார். போர் வந்தால் கதவு திறக்கும். போர் முடிந்தால் மூடும். 1917இல் 111ஆம் மகார் பட்டாளம் திரட்டப்பட்டது, 1921இல் கலைக்கப்பட்டது. நம் மதராஸ் பயனீர்கள் முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மெசபொட்டேமியாவிலும் பணி செய்து திரும்பினர். 1933இல் சிக்கனம் என்ற பெயரால் அப்படை முழுதும் கலைந்தது. சீதாபல்டியில் மீட்ட எண் அத்துடன் மறைந்தது.

இலண்டன் வட்டமேசை மாநாட்டில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாய் அமர்ந்தவர் இருவர்: அம்பேத்கர் ஒருவர், நம் இரட்டைமலை சீனிவாசன் மற்றொருவர். படையில் எல்லா இந்தியரையும் சேர்க்க வேண்டும், பிறப்பைப் பார்க்கலாகாது என்று அங்கே அம்பேத்கர் வாதாடினார். அந்த வாதம் உடனே பலிக்கவில்லை. 1941இல் போர் கற்பித்த பாடத்தால் பலித்தது. அவ்வாண்டு அக்டோபரில் பெல்காமில் மகார் ரெஜிமெண்ட் பிறந்தது. கலைந்துபோன மதராஸ் ரெஜிமெண்டும் அப்போர்க் காலத்தில் மீண்டும் எழுந்தது. போருக்குப் பிறவாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் பர்மாக் காட்டில் போரிட்டனர். விடுதலைக்குப் பின், வகுப்பு வாரியாக ஆள் எடுக்கும் முறையைக் கைவிடுவது 1949இல் அரசின் கொள்கையாயிற்று. 1950இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. அரசு வேலையில் சாதி மத வேறுபாடு கூடாதென்றது. ஆனால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளை ஒழுங்கின் பொருட்டுக் குறைக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பழைய பட்டாளங்கள் சிலவற்றில் வகுப்புக் கலவையும் தொடர்கிறது. திறந்த கதவு முழுதும் திறந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவிலும் இதே காலத்தில் இதே போராட்டம் நடந்தது. 1944 ஜூலை 17ஆம் நாள் கலிபோர்னியாவில் போர்ட் சிகாகோ என்னும் கடற்படைத் துறையில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து 320 பேர் மாண்டனர். மூட்டை ஏற்றிய மாலுமிகள் பெரும்பாலும் கறுப்பர். மேற்பார்வை செய்த அதிகாரிகள் வெள்ளையர். பாதுகாப்பு இல்லாமல் மீண்டும் வெடிமருந்து ஏற்ற மாட்டோம் என்றவர்களுள் 50 பேர் மீது கலகக் குற்றம் சாட்டித் தண்டித்தனர். 1948இல் அதிபர் ட்ரூமன் ஆணை ஒன்றால் படையில் நிற வேற்றுமையை நீக்கினார். 1994இல் அவ்விடத்தில் நினைவிடம் எழுந்தது. தண்டனை பெற்றவர்களைக் குற்றமற்றவர் என்று கடற்படை அறிவித்தது 2024இல். எண்பது ஆண்டு ஆயிற்று. கலகம் என்று ஏட்டில் எழுதிய சொல்லை அடிப்பதற்கு இராணுவங்கள் நெடுங்காலம் எடுத்துக்கொள்கின்றன. வேலூருக்கும் அப்படியே. கோட்டைக்கு எதிரே இன்று தூண் நிற்கிறது. இருநூறாம் ஆண்டான 2006இல் தபால் தலையும் வந்தது. ஆனால் ஆங்கிலேயர் எழுதிய நூல்களில் நூறாண்டுக்கு மேல் அது வெறும் சிப்பாய்க் கலகமாகவே இருந்தது.

நினைவுச் சின்னங்களின் கதையும் இதே போல் சாய்ந்ததுதான். பீமா கோரேகாவ் தூணில், 1818இல் மாண்ட மகார் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 1927 புத்தாண்டு நாளில் அம்பேத்கர் அங்கே சென்றார். தம் மக்களைப் போர்க்குணம் அற்றவர் என்று சொன்னவர்களுக்கு அவர்களே நட்ட கல்லைச் சாட்சியாகக் காட்டினார். மகார் ரெஜிமெண்ட் தோன்றியபோது தொப்பிச் சின்னத்தில் அந்தத் தூணின் உருவத்தையே வைத்தனர். பின்னர் அது மாறிற்று. தொப்பியில் பதித்த தோலுக்காக வேலூரில் உயிர் போயிற்று; தொப்பியில் பதித்த தூணுக்காக இங்கே ஒரு மக்கள் நிமிர்ந்தனர்.

அந்தப் பேறு எல்லார்க்கும் வாய்க்கவில்லை. மெசபொட்டேமியாவில் மாண்டவர்களுக்காகப் பாஸ்ராவில் எழுந்த நினைவிடத்தில் ஆங்கிலேய வீரர் ஒவ்வொருவர் பெயரும் பொறிக்கப்பட்டது; இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர், சிப்பாய்களுக்குப் பட்டாளத்தின் பேரும் மாண்டோரின் எண்ணிக்கையும். அக்கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், தானே ஒரு குழு அமைத்து ஆராய்ந்து, ஆப்பிரிக்கர் ஆசியர் பலருக்குச் சமமான நினைவு செய்யவில்லை என்பதை 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெயரே இல்லாமல் விடப்பட்டோர் ஒரு லட்சத்துக்கு மேல் என்றது அக்குழு. பெங்களூரில் பிரிகேட் சாலையின் முனையில், போக்குவரத்தின் நடுவே, மதராஸ் பயனீர் படையில் மாண்டவர்க்கு ஒரு கல் நிற்கிறது. கடைவீதிக்குச் செல்வோர் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றனர்.

கம்பம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் 2013ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாள் அது. அந்நாளில் உழவர்கள் அவருக்குப் பொங்கல் வைக்கின்றனர்; அவர் படத்தை வீட்டில் மாட்டுகின்றனர். அந்நிய அதிகாரி ஒருவருக்கு ஒரு நாட்டு உழவர் மனமுவந்து பொங்கலிடுவது உலகில் மிக அரிய காட்சி. அதைக் குறைத்துப் பேச எவருக்கும் மனம் வாராது. இந்திய ராணுவ நாளும் ஜனவரி 15தான். 1949இல் அன்றுதான் ஜெனரல் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாய்ப் பொறுப்பேற்றார். இரண்டு விழாக்கள் ஒரே நாளில் வருகின்றன. இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டிய பயனீர் சிப்பாய் மட்டும் எதிலும் இல்லை.

சின்னமனூரிலோ கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ படிக்கும் மாணவர்கள் இதற்குச் செய்யக்கூடியது உண்டு. அணை வேலையில் இருந்த எஞ்சினியர் மெக்கன்சி 1899இல் பெரியாற்றுத் திட்டத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அக்காலத்துப் பொதுப்பணித்துறை ஏடுகள் இருக்கின்றன. பெங்களூரில் மதராஸ் எஞ்சினியர் படையின் தலைமையிடம் இருக்கிறது. போரில் மாண்டவர் பட்டியலைக் கல்லறை ஆணையம் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பட்டாளத்தின் பெயரைச் சொல்லித் தேடினால் சிப்பாயின் பெயரும், பல இடங்களில் அவன் தந்தையின் பெயரும் ஊரும் வரும். 61, 64 என்பன பயனீர்கள் 1903க்குப் பின் பெற்ற எண்கள். அவற்றிலிருந்து தொடங்கலாம்.